தூக்குக்குண்டுக்கு அடங்காத தூண்கள்

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களும் மேசை மேலேயே இருக்கின்றன. ஏழு மாதம் பதில் போடாதது தப்புதான், மன்னித்துக்கொள். மேஸ்திரிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? பெரியவள் பரீட்சை எழுதிவிட்டாளா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு இங்கே தென் கொரியாவில் யொங்ஜு ஊர்ப் பக்கம் பூசொக்சா என்ற புத்தர் கோயிலுக்குப் போயிருந்தேன். ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி மலையேறி, ஒரு மண்டபத்தின் அடியில் நுழைந்து படியேறினால், எதிரே முரியாங்சுஜொன் என்ற பிரதான மண்டபம் நிற்கிறது. மரக்கட்டடம். 1916இல் பிரித்துப் பழுது பார்த்தபோது, 1376இல் திரும்பக் கட்டியது என்று உள்ளே எழுதியிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நீ கணக்குக் கேட்கிற ஆள், கணக்கோடு சொல்கிறேன். அதன் தூண் அடியில் 44 செ.மீ., மேலே 34 செ.மீ. இடையிலோ 49! கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மெல்லப் பருத்து, அப்புறம் இளைத்துக்கொண்டே போகிறது. கையை வைத்துத் தடவினால்தான் தெரிகிறது. கண்ணுக்கு நேராகவே இருக்கிறது.

இதோடு விடவில்லை. தூண்களின் தலை கட்டடத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிட உயரம். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் அகலமான கூரையின் இரண்டு முனையும் தொங்கிப்போனது போலத் தோன்றுமாம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு தூணும் தேறாது, சேகர்!

எனக்கு மேஸ்திரி ஞாபகம் வந்துவிட்டது. அரை அங்குலத்துக்காக அந்தச் சுவரை இடிக்கச் சொன்னாரே, அவர் இதைப் பார்த்தால் கோபப்படுவாரா என்று அங்கேயே நின்று யோசித்தேன். மாட்டார். குண்டு எங்கே நிற்கும் என்று அறிந்த தச்சனுக்குத்தான் எல்லாத் தூணையும் இப்படி அளவு பிசகாமல் சாய்க்க வரும். அது அவருக்கு உடனே புரியும்.

நம் பக்கம் எத்தனை அங்கணம் வீடு என்று கேட்பது போல, இங்கே எத்தனை கான் என்று கேட்கிறார்கள். இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள இடம் ஒரு கான். இந்த மண்டபம் முன்பக்கம் 5, பக்கவாட்டில் 3. வாசல் தெற்கே, அமிதாப புத்தரோ மேற்குக் கோடியில் உட்கார்ந்து கிழக்கே பார்க்கிறார். உள்ளே போய் இடப்பக்கம் திரும்பினால், இரண்டு வரிசைத் தூண்களுக்கு நடுவே தூரத்தில் அவர். சின்ன இடம்தான், ஆனால் நீளமான பிராகாரத்தின் முனையில் நிற்பது போல இருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா போன பிறகு நான் அவ்வளவு நேரம் அமைதியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் இங்கே ஒரு பழைய வீட்டில் தூண் மாற்றுவதைப் பார்த்தேன். அடிக்கல்லைச் செதுக்கிச் சமமாக்கவே இல்லை. இரண்டு கால் உள்ள கவராயம் போன்ற ஒரு கருவி. ஒரு கால் கல்லின் மேடு பள்ளத்தில் நகர, மை தொட்ட மற்ற கால் அதே மேடு பள்ளத்தைத் தூணின் அடியில் வரைகிறது. அந்தக் கோட்டில் மரத்தைச் செதுக்கிக் கல்லின் மேல் தூக்கி வைத்தார்கள். ஒரு தாள்கூட நுழையாத பொருத்தம்.

அதைப் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கண் கட்டு அவிழ்த்ததும் மேஸ்திரியிடம் காட்டு. என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அன்புடன்,
முருகேசன்