செல்வத்துக்கு, உன் இடது கணுக்கால் விஷயமாக

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உன் மகள் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள் என்று படித்தபோது அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மா வந்திருக்கிறார், கோடை முடியும்வரை இருப்பார்.

ஆனால் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. கணுக்காலுக்குக் கேட்ட உதவித்தொகையை வி.ஏ., அதாவது அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, மறுத்துவிட்டது, இனி அலைய முடியாது, விட்டுவிடலாம் என்று இருக்கிறாய். தயவுசெய்து விடாதே.

அவர்கள் சொல்லும் காரணத்தைப் பார். பயிற்சியின்போது ஒரு தடவை சுளுக்குக்கு மருந்து வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. படையை விட்டு வரும்போது செய்த பரிசோதனையில் கால் சரியாக இருந்தது. நடுவில் ஒரு காகிதமும் இல்லை. அதனால் இன்றைய மூட்டுத் தேய்மானத்துக்கும் அன்றைய சுளுக்குக்கும் சம்பந்தமில்லையாம்.

நடுவில் ஏன் காகிதம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஃபோர்ட் ஜாக்சன் ராணுவப் பயிற்சி முகாமில் அந்த இரவு நடையில் நான் உனக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். மணலுக்குள் மறைந்து கிடந்த பைன் மர வேரில் உன் பாதம் உள்பக்கமாக மடங்கியது. முதுகில் இருந்த மூட்டையின் பாரம் முழுக்க அதன் மேல் இறங்கியது. பூட்ஸைக் கழற்றினால் மறுபடி மாட்ட முடியாது என்று ராத்திரி அதோடேயே படுத்தாய். காலையில் சாக்ஸை உருவியபோது கணுக்கால் எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, குதிகால் வரை கருநீலம். முகாம் மருத்துவரிடம் போய்க் காட்டியதற்கு வலி மாத்திரையும் இரண்டு நாள் ஓட வேண்டாம் என்று ஒரு சீட்டும் கொடுத்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அதே கால் மடங்கியும் நீ அந்தப் பக்கம் போகவில்லை. போனால் வேறு பயிற்சிப் படைப்பிரிவில் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். நாம் மொழித் தகுதியில், வெளிநாட்டவரை ராணுவத்தில் எடுத்த மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவர்கள், பயிற்சி முடியும்போதுதான் குடியுரிமை. அந்த நேரத்தில் எவன் நொண்டிக் காட்டுவான்?

இதைத்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணால் பார்த்தவர் சொல்வதை நம்பாமல் தள்ளக்கூடாது என்று 2006-இல் புக்கானன் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதகமான சான்றும் பாதகமான சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரனுக்குத்தான், அது சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது வழி. 2019 பிப்ரவரியிலிருந்து மூன்று பாதைகள் இருக்கின்றன. 'ஹையர் லெவல் ரெவ்யூ' கேட்டால் இன்னொரு மூத்த அதிகாரி அதே கோப்பைப் படிப்பார், புதிதாக ஒரு தாள்கூடச் சேர்க்க முடியாது. உனக்கு அது உதவாது, உன் கோப்பில் குறைவதே தாள்தான். 'போர்டு' என்கிற மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனால் நீதிபதி பார்ப்பார், ஆனால் காத்திருப்பு நீளம். உனக்கு ஏற்றது 'சப்ளிமென்டல் கிளெய்ம்', படிவ எண் 20-0995. புதிய, சம்பந்தமுள்ள சான்று ஒன்றாவது வேண்டும். முடிவுக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போட்டால், பின்னால் ஜெயிக்கும்போது பணம் நீ முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்காகும். வருடம் தாண்டினால் அந்தப் பழைய தேதி போய்விடும்.

புதிய சான்று இரண்டு போதும். ஒன்று என் சாட்சி. படிவம் 21-10210-இல் நான் பார்த்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். வீட்டில் மாடிப்படி இறங்கும்போது நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதை உன் மனைவியும் எழுதட்டும்.

இன்னொன்று டாக்டரின் கருத்து, இதுதான் முக்கியம். 'தொடர்பு இருக்கலாம்' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். தொடர்பு இருப்பதற்குக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று தெளிவாக எழுதி, ஏன் என்றும் விளக்க வேண்டும். உன் விஷயத்தில் காரணம் நேரானது: பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளிப்பக்கத் தசைநார் கிழிகிறது, சரியாக ஆறாவிட்டால் மூட்டு தளர்கிறது, தளர்ந்த மூட்டு திரும்பத் திரும்ப மடங்கிக் குருத்தெலும்பு தேய்கிறது. டாக்டர் உன் சேவைக் காலப் பதிவையும் நம் சாட்சிகளையும் படித்துவிட்டு எழுத வேண்டும், படித்ததாகவும் குறிப்பிட வேண்டும்.

அப்புறம் மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிடலாம். அதற்குத் தயாராகப் போ. சாதாரணக் கணுக்கால் மேல்நோக்கி 20 டிகிரி, கீழ்நோக்கி 45 டிகிரி அசையும். மேல்நோக்கி 15-க்குக் கீழ், அல்லது கீழ்நோக்கி 30-க்குக் கீழ் என்றால் பாதிப்பை 10 சதவீதம் என்று மதிப்பிடுவார்கள், உதவித்தொகை அதைப் பொறுத்தது. மேல்நோக்கி 5-க்குக் கீழ், அல்லது கீழ்நோக்கி 10-க்குக் கீழ் என்றால் 20. அளவு நன்றாகவே இருந்தாலும், அசைக்கும்போது வலிக்கிறது என்பது பதிவானால் 10 சதவீதத்துக்கு விதி இருக்கிறது. அதனால் வலி எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதோ அங்கேயே வாயைத் திறந்து சொல். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை மடக்கிக் காட்டும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, அந்த அறையில் அது வேண்டாம். என்னைப் பரிசோதித்தவர் கோணமானியை வைத்து எடுத்துவிட்டு முடிந்தது என்றார், மோசமான நாட்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானே நிறுத்தி, வீங்கிய நாளில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று சொல்லி, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதைக் கேட்டு எழுதுவது அவர்கள் கடமை என்று 2017-இல் ஷார்ப் வழக்கில் தீர்ப்பே வந்திருக்கிறது.

2025-இல் 10 சதவீதத்துக்கு மாதம் 175.51 டாலர், 20-க்கு 346.95 என்று இருந்தது. பெரிய தொகை இல்லை என்று நீ நினைப்பாய். ஆனால் கணுக்கால் பாதிப்பு ராணுவ சேவையில் வந்தது என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால் அந்தக் காலுக்கான சிகிச்சை வி.ஏ.வில் இலவசம். நொண்டி நடந்து நடந்து வலது முழங்கால் கெட்டுவிட்டது என்றாயே, அதையும் இதன் விளைவு என்று தனியாகக் கேட்கலாம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. கிடைக்கும் பணத்தில் பங்கு கொடுங்கள், நாங்கள் முடித்துத் தருகிறோம் என்று போன் பண்ணுபவர்களிடம் கையெழுத்துப் போடாதே. அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் காசு வாங்காமலே செய்வார்கள். உங்கள் கவுண்டி அலுவலகத்திலும் அநேகமாக ஒருவர் இருப்பார், முதலில் அவரைப் போய்ப் பார்.

என் சாட்சிக் கடிதத்தை இந்த வார இறுதியில் எழுதிவிடுவேன். அதற்குள் முடிவுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. முதல் பக்கத்தில் இருக்கும் தேதியை மட்டும் இன்றே ஒரு மெசேஜில் சொல், நமக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி