உன் மகளின் கட்டுரையில் நான் கை வைக்கப்போவதில்லை

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டில் தங்கச்சியும் குழந்தையும் நலம்தானே? பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சில வாரம் படிப்பும் எழுத்தும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, சுவரில் இத்தனை அழுக்கு இருப்பது உட்பட. அதை நான் வாய்விட்டுச் சொன்னதில் என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். பையன் வேலை மாறிவிட்டான். சம்பளம் குறைவுதான், ஆனால் பொழுதோடு வீடு வந்துவிடுகிறான்.

நம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் நீ இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லையே என்று கேட்க நினைத்திருந்தேன். காரணம் உன் கடிதத்தில் இருந்தது. குழுவில் ஒருவன் தன் மகனுக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலை முகப்புப் படமாக வைத்திருக்கிறான். மகன் படம்கூட இல்லை, வெறும் வாசல். அதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகளின் பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டுரை இரண்டு வடிவங்களில் வந்திருக்கிறது. முதலாவது அவளே எழுதியது. இரண்டாவது நீங்கள் பணம் கொடுத்து வைத்திருக்கும் ஆலோசகர் திருத்தியது. அதை நான் இன்னும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டும் என்கிறாய்.

இரண்டையும் படித்தேன். அவளுடையதில், சதுரங்கப் போட்டிகளில் ஆடுவதை ஏன் நிறுத்தினாள் என்று எழுதியிருக்கிறாள். தோற்றதால் நிறுத்தவில்லையாம். அடுத்தவர் ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்து, நகர்த்தல்களை நோட்டில் குறித்து, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று தேடுவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தாளாம். பதினேழு வயதில் தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக யார் சொல்வார்கள்? ஆலோசகரின் கையில் அதே பெண் ஏழைக் குழந்தைகளுக்குச் சதுரங்கப் பயிற்சி மையம் தொடங்கிய தலைவி ஆகிவிட்டாள். 'மாற்றம்', 'சமூகம்', 'தாக்கம்' என்று வரிக்கு ஒரு பெரிய சொல். பயிற்சி மையம் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை இனிமேல்தான் தொடங்கப் போகிறீர்களா?

நான் கை வைக்க மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

2019 மார்ச்சில் அமெரிக்காவில் வெடித்த சேர்க்கை மோசடி வழக்கு உனக்கு நினைவிருக்கும். ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் பெற்றோர்களிடம் இப்படிச் சொல்வாராம்: முன்வாசல் என்றால் பிள்ளை தானாக நுழைவது, பின்வாசல் என்றால் பல்கலைக்கழகத்துக்குக் கோடிகளில் நன்கொடை, தன்னிடம் இருப்பது பக்கவாட்டு வாசல். அதன் வழியே அவருக்குக் கைமாறிய தொகை மொத்தம் 2.5 கோடி டாலர். படகே ஓட்டத் தெரியாத பிள்ளைகளைத் துடுப்புப் பயிற்சிக் கருவியில் உட்கார வைத்துப் படம் எடுத்து, விளையாட்டு வீரர்களாகக் காட்டினார்கள். தேர்வுத்தாளில் விடைகளைத் திருத்தினார்கள். 50 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறை.

நீ அந்த ரகம் இல்லை, தெரியும். நான் சொல்ல வருவது அதில் சிக்கிய நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மேனைப் பற்றி. மூத்த மகளின் மதிப்பெண்ணைக் கூட்ட 15,000 டாலர் கொடுத்தார். 14 நாள் சிறைத் தண்டனை பெற்றார். மகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. விஷயம் வெளியானபோது அந்தப் பெண், என்மேல் ஏன் உனக்கு நம்பிக்கை வரவில்லை, என்னால் முடியும் என்று ஏன் நினைக்கவில்லை என்று அழுதுகொண்டு கேட்டாளாம். இதை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் அந்தத் தாயே சொல்லியிருக்கிறார். தண்டனையைவிட அந்தக் கேள்வி கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலோசகரின் திருத்தத்தைப் படித்தபோது உன் மகள் என்ன சொன்னாள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒருவேளை அவள் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுதான் எனக்குக் கவலை.

அடுத்து, அந்த வாசலுக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேர்போன கல்லூரிகளில் படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அது கல்லூரியால் வந்ததா, இல்லை கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கி எடுத்ததால் வந்ததா? அதைப் பிரித்துப் பார்க்க, எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார்கள், எங்கெல்லாம் இடம் கிடைத்தது என்ற விவரங்கள் ஒத்திருந்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பின்னாளில் வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த அளவுக்கு ஆசைப்பட்டு விண்ணப்பிக்கிற பிள்ளை எங்கே படித்தாலும் தேறிவிடுகிறது.

இன்னொரு முடிவும் இருந்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2011-இல் இதே இருவரும் ஆய்வைப் புதுப்பித்தபோது அது வெளியானது. கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படிப்பட்ட கல்லூரி நிஜமாகவே வாழ்க்கையை மாற்றுகிறது. வீட்டில் இல்லாத அறிமுகமும் வழிகாட்டலும் அவர்களுக்கு அங்கேதான் முதல்முறையாகக் கிடைக்கின்றன.

யோசித்துப் பார். அந்த இடம் யாருக்கு மிகவும் பயன்படுமோ, அவர்கள் வீட்டில் ஆலோசகர் கிடையாது. பல நேரம் விண்ணப்பிக்கவே தோன்றுவதில்லை. யாருக்குக் குறைவாகப் பயன்படுமோ, அவர்கள்தான் தூக்கத்தைத் தொலைத்து அலைகிறோம். நீயும் நானும் படித்தவர்கள். நம் வீட்டில் புத்தகம் இருந்தது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. உன் மகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடியதில் பாதியை நீங்கள் இருவரும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.

இந்த இடத்தில் நீ என்னை மடக்கப் பார்ப்பாய். 2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வைத்தான் எடுத்துப் போடுவாய். போடு. அமெரிக்காவின் முதல் வரிசைப் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே படிப்பதால் சராசரி வருமானம் பெரிதாக உயரவில்லை என்பதே அவர்கள் முடிவும். ஆனால் உச்சாணிக் கொம்புக்குப் போகும் வாய்ப்பு, அதாவது வருமானத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வருவது, பெயர்பெற்ற நிறுவனங்களில் நுழைவது, நன்றாகவே கூடுகிறது. அதை மறுக்க மாட்டேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இப்போதுள்ள ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஹார்வர்டிலோ யேலிலோ சட்டம் படித்தவர்கள். உன் பயம் வெறும் பிரமை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் அதே ஆய்வில், ஒரே மதிப்பெண் வாங்கிய நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட முதல் 1 சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்றும் இருக்கிறது. முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்குச் சலுகை, விளையாட்டு வீரர் என்ற பெயரில் சலுகை, மதிப்பெண்ணில் வராத தகுதிகளுக்குத் தரும் எடை. இந்த மூன்றும்தான் காரணம். நீ எத்தனை ஆலோசகர் வைத்தாலும் இதை மாற்ற முடியாது. உன் மகள் நீதிபதியாகவா கேட்கிறாள்? ஆட்டத்தைக் குறித்துக்கொள்கிற பெண் அவள்.

இந்தப் பதற்றத்தில் பாதி எண்களால் ஊதப்பட்டது. 2024-இல் ஹார்வர்டுக்கு வந்தவை 50,000-க்கு மேல் விண்ணப்பங்கள், இடம் தந்தது ஏறத்தாழ 2,000 பேருக்கு. 100 பேரில் 4 பேர்கூட இல்லை என்றதும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஒரே படிவத்தை நிரப்பி இருபது கல்லூரிகளுக்கு அனுப்பலாம் என்று வந்த பிறகு பல பிள்ளைகள் பத்து, பதினைந்து இடங்களில் வரிசையில் நிற்கிறார்கள். ஆட்களைவிட வேகமாக விண்ணப்பங்கள் பெருகுகின்றன. விகிதம் குறையக் குறைய பயம் கூடுகிறது. பயம் கூடக்கூட விண்ணப்பமும் கூடுகிறது. பல்கலைக்கழகங்களும் லேசுப்பட்டவை இல்லை. எடுக்கவே போகாத பிள்ளைகளுக்கும் பளபளப்பான அழைப்பிதழ் அனுப்புகின்றன.

தரவரிசையும் அப்படித்தான். நீ அனுப்பிய பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் எண் போட்டிருக்கிறாய். 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கத் தரவரிசை ஒன்றில் 2-ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் என்ற பேராசிரியர், நம் பல்கலைக்கழகம் தரவரிசைக்குக் கொடுத்த புள்ளிவிவரம் சரியில்லை என்று எழுதினார். அடுத்த பட்டியலில் கொலம்பியா 18-ஆம் இடம். இடையில் ஒரு ஆசிரியர்கூட மாறவில்லை, ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கும் இதே கதைதான் என்பது ஆறுதலா, பயமா தெரியவில்லை. தென்கொரியாவில் நுழைவுத் தேர்வன்று ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும்போது விமானங்களே ஏறி இறங்குவதில்லை. அங்கே 1980-இல் தனிப்பயிற்சியையே அரசு தடை செய்தது. பணக்காரர்கள் ரகசியமாக ஆசிரியர் வைத்துக்கொண்டார்கள். 2000-இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2023-இல் கொரியப் பெற்றோர் தனிப்பயிற்சிக்குச் செலவிட்டது 27 லட்சம் கோடி வோன். சீனா 2021-இல் பயிற்சி நிறுவனங்களை முடக்கியது. அங்கும் வகுப்புகள் மறைவிடங்களுக்குப் போயின. ராஜஸ்தானின் கோட்டாவில் பயிற்சி மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொள்வது தொடர்ந்தபோது, 2023-இல் விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டது. மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் நின்ற காலத்தில் நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதலாண்டில் சில பிள்ளைகள் வந்து உட்காரும்போதே களைத்திருப்பார்கள். மதிப்பெண் பிரமாதமாக இருக்கும். கரும்பலகையில் ஒரு கணக்கை முடிக்காமல் விட்டுவிட்டு, நீங்களே யோசியுங்கள் என்றால், இது தேர்வில் வருமா சார் என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வயதிலிருந்து எதையுமே, அது எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் செய்ய அவர்களை யாரும் விட்டதில்லை. அவர்களுக்கு மூச்சு திரும்ப இரண்டு வருடம் பிடிக்கும். சிலருக்குத் திரும்புவதே இல்லை. அதனால்தான் உன் மகளின் கட்டுரை எனக்கு அவ்வளவு பிடித்தது. யாரும் சொல்லாமலே ஒரு வேலையை அவள் செய்துகொண்டிருக்கிறாள். அதைப் போய் விண்ணப்பத்துக்காகப் பயிற்சி மையமாக மாற்றிவிட்டால், அடுத்த முறை ஒன்று பிடித்துப் போகும்போது, இதைக் கட்டுரையில் போடலாமா என்றுதான் முதலில் யோசிப்பாள்.

பட்டியலை அவளிடமே கொடு. எண்களை அடித்துவிட்டு வெறும் பெயர்களாகக் கொடு. ஒவ்வொரு இடத்திலும் முதலாண்டு வகுப்புகளை யார் எடுக்கிறார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், பாடப்பிரிவை நடுவில் மாற்ற விடுவார்களா, உதவித்தொகையைக் கடைசி ஆண்டு வரை தருவார்களா என்று அவளே கடிதம் எழுதிக் கேட்கட்டும். பதில் எழுதுகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். பெரிய பெயர்களுக்கும் விண்ணப்பிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடைத்தால் போகட்டும், நல்ல நூலகமும் நல்ல நண்பர்களும் கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டுச் செலவைத் தாண்டிக் கடன் வாங்கி அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். அதைப் பற்றி நேரில் பேசுவோம், தங்கச்சியும் இருக்கும்போது. கடன் விஷயத்தில் உன்னைவிட அவர்தான் தெளிவு.

குழுவில் அந்த வாசல் படத்தை வைத்திருப்பவனிடம் போன வாரம் பேசினேன். இவன் அழைத்தால் பையன் எடுப்பதில்லையாம். அதையும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீயும் அவனோடு ஒரு தடவை பேசு.

கட்டுரையில் ஒரே ஒரு இடத்தை அவளிடம் சொல். மூன்றாம் பத்தியில், வெள்ளைக் காய்களோடு ஆடியவர் ராஜாவை ஒருமுறை நகர்த்திவிட்டு, சில நகர்த்தலுக்குப் பிறகு கோட்டை கட்டியதாக (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) எழுதியிருக்கிறாள். ராஜா ஒருமுறை நகர்ந்துவிட்டால் விதிப்படி அது முடியாது. நோட்டைப் பார்த்துச் சரிசெய்யட்டும். ஆலோசகர் எல்லாவற்றையும் மாற்றியவர், இதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்