வண்டுத் தலைக் கடவுளைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பழைய எகிப்தின் நெஃபர்தாரி ராணியின் கல்லறைச் சுவர். மனித உடம்போடு ஒரு கடவுள் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழு வண்டு. "இதையா அப்பா கும்பிட்டார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கல்லறை இருக்கும் லக்சருக்குக் கிளம்புவதற்குள் இதைப் படித்துவிடு.

நீ இருக்கிற கெய்ரோவிலேயே, மத்தாரியா பகுதியில், சிவப்புக் கிரானைட்டில் ஒரே கல்லாக ஒரு தூண் நிற்கிறது. உயரம் சுமார் 20 மீட்டர். செனுஸ்ரெத் என்ற மன்னன் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியது. சுற்றிலும் இருந்த ஹீலியோபோலிஸ் நகரம் போய்விட்டது, தூண் மட்டும் நிற்கிறது. சூரியனைப் படைப்புக் கடவுளாகக் கொண்டாடிய ஊர் அது. ஆதியில் இருள் சூழ்ந்த நீர் மட்டுமே இருந்தது, அந்த நீரிலிருந்து ஒரு மேடு எழுந்தது, அதன்மேல் ஆத்தும் என்ற கடவுள் தானாகவே தோன்றினார் என்பது அவர்கள் கதை. தாய் தகப்பன் இல்லாத அவரிடமிருந்து காற்றும் ஈரமும் பிறந்தன. அந்த இருவருக்குப் பிள்ளைகளாக மண்ணும் வானமும் வந்தார்கள்.

இந்த ஆத்துமை இரட்டை மகுடம் வைத்த மனிதனாக வரைவார்கள். அப்படியானால் வண்டு எங்கிருந்து வந்தது? தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் (நாணலில் செய்த தாள்) சுருளில் சூரியக் கடவுளே சொல்கிறார்: காலையில் நான் கெப்ரி, நடுப்பகலில் ரா, மாலையில் ஆத்தும். கெப்ரிதான் உன் வண்டு. சாணத்தை உருட்டிக்கொண்டு போகும் வண்டைப் பார்த்தவர்கள், வானத்தில் ஒரு உருண்டை நகர்வதையும் பார்த்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து வண்டுக் குஞ்சுகள் வெளியே வருவதைப் பார்த்து, இது தன்னைத் தானே பிறப்பித்துக்கொள்ளும் உயிர் என்று நம்பினார்கள். தானாகத் தோன்றிய கடவுளுக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் வேறு எது?

அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார். உடம்பு பக்கவாட்டில் இருக்கிறது. வண்டு மட்டும் மேலிருந்து பார்த்தது போல, முதுகும் கால்களும் தெரிய இருக்கிறது. தெரியாமல் செய்த வேலை இல்லை அது. எந்தப் பொருளை எந்தப் பக்கமிருந்து பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியுமோ, அந்தப் பக்கத்தையே வரைவது அவர்கள் முறை. வண்டைப் பக்கவாட்டில் வரைந்தால் அது ஏதோ ஒரு பூச்சி. என் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை நேராகவும் மூக்கைப் பக்கவாட்டிலும் போட்டுக் கொண்டுவரும்போது நான் திருத்தாமல் விட்டதற்கு எகிப்து ஓவியங்கள்தான் காரணம்.

அதே கல்லறையில் நடுப்பகல் சூரியனும் இருக்கிறார். வல்லூறுத் தலை, அதன்மேல் சிவப்பு வட்டு, வட்டைச் சுற்றிய பாம்பு. ரா-ஹொராக்தி என்று பெயர். இன்னொரு சுவரில் ஐசிஸ், நெஃப்திஸ் என்ற இரண்டு பெண் தெய்வங்கள் இரு பக்கமும் தாங்கிப் பிடிக்க, துணி சுற்றிய உடலோடு செம்மறிக்கிடாத் தலை வைத்த உருவம் ஒன்று. அது இரவுச் சூரியன். ரா ஒசைரிஸுக்குள் இளைப்பாறுகிறார், ஒசைரிஸ் ராவுக்குள் இளைப்பாறுகிறார் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒசைரிஸ் என்பவர் செத்தவர்களின் கடவுள். உலகத்தையே படைத்தவர் பொழுது சாய்ந்ததும் கிழவராகிறார், செத்தவரோடு ஒன்றாகிறார். இப்படி வரைய எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் பாப்பா. கடவுளைக் களைத்துப்போக விட்டிருக்கிறார்கள்.

இரவு முழுக்க அவர் படகில் போகிறார். நைல் நதிதான் பெருவழி என்றிருந்த மக்களுக்கு வானத்திலும் படகுதானே வரும். மன்னர்களின் பள்ளத்தாக்கில் மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்குப் போனால் இந்தப் பயணம் மணிக்கணக்காகப் பிரித்து வரையப்பட்டிருப்பதைப் பார்க்கலாம், மொத்தம் 12 மணி. வண்ணப் பகட்டு அங்கே இருக்காது. வெளுத்த மஞ்சள் சுவரில் கோட்டு உருவங்கள், பாப்பிரஸ் சுருளையே பிரித்து ஒட்டினது போல. 12-வது மணியை விட்டுவிடாதே. படகு ஒரு பெரிய பாம்பின் வால் வழியாக நுழைந்து வாய் வழியாக வெளியே வருகிறது. உள்ளே போனவர் கிழவர், வெளியே வருபவர் வண்டு.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆன்ஹாய் என்ற பெண்ணின் பாப்பிரஸ் இருக்கிறது. அதில் ஆதி நீரே ஒரு ஆளாக எழுந்து, இரண்டு கையாலும் படகைத் தூக்குகிறது. படகில் வண்டு, அது சூரியனை மேலே தள்ளுகிறது. முதல் நாள் படைப்பா, இன்றைய விடியலா என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான். படைப்பு என்றோ நடந்து முடிந்த காரியம் என்று அவர்கள் நினைக்கவில்லை, தினமும் காலையில் நடந்தாகவேண்டும். அதனால்தான் ஒரே முகம் போதவில்லை. வண்டு, வல்லூறு, கிடா, மகுடம் வைத்த மனிதன் எல்லாம் ஒரே கடவுளின் ஒரு நாள்.

அக்கெனாத்தன் என்ற மன்னனின் கதை உனக்குத் தெரியும். சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முன் அவன் இத்தனை உருவங்களையும் ஒதுக்கிவிட்டு வட்டு ஒன்றை மட்டும் வைத்தான். அதிலிருந்து கதிர்கள் இறங்கும், ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு சின்னக் கை. பெர்லினில் இருக்கும் சுண்ணாம்புக்கல் பலகையில் அவனும் அவன் ராணி நெஃபர்டிட்டியும் மூன்று பெண் குழந்தைகளைக் கொஞ்சிக்கொண்டிருக்க, மேலிருந்து வரும் கைகள் உயிரின் சின்னமான அன்கை மூக்கருகே நீட்டுகின்றன. அழகான சிற்பம், மறுக்கமாட்டேன். ஆனால் கவனி, அந்த அன்க் ராஜாவின் மூக்குக்கும் ராணியின் மூக்குக்கும் மட்டும்தான். இரவுப் பயணமும் போயிற்று. வட்டு மறைந்தால் உலகம் செத்தது போலக் கிடக்கும் என்றுதான் அவன் காலத்துத் துதிப்பாடல் சொல்கிறது. இருட்டிலும் கூட வருகிற கிழவரை அவன் மக்களிடமிருந்து எடுத்துவிட்டான் என்று எனக்கு வருத்தம்.

பாரிஸ் லூவரில் தப்பெரெத் என்ற பெண்ணுக்காகச் செய்த சின்ன மரப்பலகை ஒன்று இருக்கிறது, அக்கெனாத்தனுக்குச் சில நூறு ஆண்டுகள் பிந்தியது. அவள் ராணி இல்லை. ஒரு பக்கம் ரா-ஹொராக்தியை வணங்குகிறாள், மறுபக்கம் ஆத்துமை. ராவின் வட்டிலிருந்து பூப்பூவாக, வண்ண வண்ணமாக, மாலை தொடுத்தது போலக் கதிர்கள் அவள் முகத்துக்கே வருகின்றன. அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

சரி, லக்சர் விஷயம். நெஃபர்தாரி கல்லறை திறந்திருந்தால் டிக்கெட் விலையைப் பார்க்காதே, நான் தருகிறேன். லக்சர் மியூசியத்துக்கு அரை நாளாவது ஒதுக்கு. 1989-இல் லக்சர் கோயில் முற்றத்தில் தோண்டியபோது கிடைத்த சிலைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஆத்தும் உட்கார்ந்திருக்கிறார், எதிரே ஹொரெம்ஹெப் மன்னன் மண்டியிட்டு இரண்டு கையிலும் உருண்டைக் கிண்ணம் ஏந்தியிருக்கிறான். கர்னாக்கில் அக்கெனாத்தன் கட்டிய கோயில்களைப் பிரித்து, அந்தக் கற்களைத் தன் கோபுரவாசல்களுக்குள் நிரப்பியவன் இவன்தான். பழைய கடவுளின் முன்னால் இப்படி மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

அந்தச் சிலையை முன்பக்கமிருந்து எடுத்த படங்கள்தான் எனக்குக் கிடைத்தன. நீ பக்கவாட்டில் நின்று, இரண்டு முகமும் கைகளும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு. ஃபிளாஷ் போடாதே. அம்மா, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா