லேபிளில் 9900, உள்ளே வேறு: ஹெட்லைட் பேட்டரி குறித்த புகார்

அனுப்புநர்:
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி,
பனச்சமூடு, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்களிடம் வாங்கிய 18650 என்னும் அளவு லித்தியம் பேட்டரிகள் இரண்டும் சூடாகிப் பழுதானது தொடர்பாக.

ஐயா,

விடியுமுன் மூன்று மணிக்கே ரப்பர் விளைக்குப் போய்ப் பால் வெட்டுகிறவன் நான். தலையில் கட்டும் ஹெட்லைட்தான் அந்த நேரத்தில் எனக்குக் கண். வெளிச்சம் மங்கினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும், அப்புறம் விளைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பாம்பு பயம் வேறு. அதனால் பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் காசு பார்ப்பதில்லை.

நவம்பர் மாதம் ஆன்லைனில் உங்கள் பேட்டரி இரண்டு வாங்கினேன். லேபிளில் 9900 எம்ஏஎச் என்று இருந்தது, பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு அது. பழைய பேட்டரியில் 2600 என்று இருந்ததால், நாலு மடங்கு வரும் என்று நானும் நம்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் விளக்கு மங்கியது. உங்கள் எண்ணுக்குப் போன் செய்தால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். என் சார்ஜர், பேட்டரி நிறைந்து 4.2 வோல்ட் வந்ததும் தானாக நின்றுவிடும் வகை. பழைய பேட்டரியை மூன்று வருடமாக அதில்தான் போடுகிறேன்.

போன வாரம் மத்தியானம் சார்ஜில் இருந்த ஒன்றைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. மேல் நுனியில் பிளாஸ்டிக் உறை சுருங்கி, தகரம் தெரிந்தது. இந்த செல்லில் பக்கவாட்டுத் தகரம் முழுவதும் நெகட்டிவ், பாசிட்டிவ் குமிழ் அதற்கு ஒரு நூல் தள்ளித்தான் இருக்கிறது. நடுவே இருக்க வேண்டிய காப்பு வளையத்தைக் காணவில்லை. ஒரு சாவி குறுக்கே பட்டாலே ஷார்ட் ஆகிவிடும். இதைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மாதம் நடந்திருக்கிறேன்.

வெள்ளறடையில் மொபைல் கடை வைத்திருக்கும் மைத்துனன் இரண்டையும் வாங்கிப் பார்த்தான். அடகுக் கடைத் தராசில் வைத்தால் ஒன்று 45 கிராம், மற்றது 31. ஒரே பெட்டியில் வந்த இரட்டைப் பிள்ளைகள்! கனமானதின் உறையை உரித்தால் உள்ளே இன்னொரு உறை, அடியில் வெல்டிங் புள்ளிகள். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிடுங்கிய செல் என்றான். அளந்ததில் அதில் 1100தான் நின்றது. 18 மில்லிமீட்டர் குறுக்கும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல்லில் நல்ல கம்பெனிகளே 3500, மிஞ்சினால் 4000 வரைதான் தருகிறார்களாம். 9900 எங்கிருந்து வரும்?

இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தபோது. 'டார்ச், பவர் பேங்க், வேப் அனைத்துக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கிறீர்கள். வேப் என்றால் மின் சிகரெட். நம் நாட்டில் 2019 முதல் அதை விற்பதே தடை, அது ஒருபக்கம் இருக்கட்டும். இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மகன் அதைப் புகைக்கிறவன். அவனிடம் கேட்டேன். அதில் சூடேறும் சுருள் 0.2 ஓம் என்றால், முழு சார்ஜில் 21 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்குமாம். அதனால் அவர்கள் எம்ஏஎச் பார்க்கும் முன் செல் தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தாங்கும் என்றுதான் பார்ப்பார்களாம். என் ஹெட்லைட் இழுப்பது அதில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது, அதற்கே ஒரு மணி நேரத்தில் மங்கிவிட்டது. உங்கள் பெட்டியில் ஆம்பியர் என்ற சொல்லே இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை, பிஐஎஸ் என்னும் இந்திய தர நிர்ணய அமைப்பின் பதிவு எண்ணும் இல்லை.

கொடுத்த பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். அந்த 9900-ஐயும் வேப் வரியையும் எடுத்துவிடுங்கள். தாங்கும் ஆம்பியரையும் செய்தவர் பெயரையும் பெட்டியில் போடுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டு, நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

கூரியரில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள் உங்கள் ஆட்கள். உறை போன லித்தியம் செல்லைப் பார்சலில் கட்டி, பாவம், ஒரு கூரியர் பையனின் முதுகில் ஏற்ற எனக்கு மனமில்லை. இரண்டும் மாட்டுத் தொழுவத்துக்கு அப்பால் மணல் போட்ட பெயிண்ட் வாளியில் கிடக்கின்றன. நீங்களே முறைப்படி ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பில்லும் தராசில் வைத்து எடுத்த படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்