தன்பாலீர்ப்பாளர் வரலாற்று ஆவணங்களைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று இது: 150 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பிரிவில் வழக்குக்கு உள்ளானவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தவர் எவரும் அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டதில்லை. அந்தக் கொடுமைகளெல்லாம் கடிதங்களிலும் உதவி எண் குறிப்பேடுகளிலும் உண்மை அறியும் அறிக்கைகளிலும்தான் பதிவாகியிருக்கின்றன. தன்பாலுறவு குற்றமல்ல என்ற 2018 செப்டம்பர் 6 தீர்ப்போடு வேலை முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் தன்பால் இணையருக்குத் திருமண உரிமையை அதே நீதிமன்றம் மறுத்தது. அடுத்த வழக்கிலும் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றுகள் இன்று பரண்களில் மக்கிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் குழுவிடம் இப்போது சுமார் 9,000 பக்கங்களும் 240 கேசட்டுகளும் சேர்ந்துள்ளன. எல்லாவற்றிலும் அவசரமானவை ஃபேக்ஸ் தாள்கள். தெர்மல் பேப்பரில் எழுத்து தானாகவே மங்கும். மறைந்தால் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். அவற்றை முதலில் ஸ்கேன் செய்கிறோம். துண்டறிக்கைகளில் ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளைத் தின்கிறது. மெல்லிய தகட்டால் பின்னின் கால்களை நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் கிழியும்.

கேசட் வேலைதான் நேரம் பிடிப்பது. 90 நிமிட நாடா ஓடி முடிய 90 நிமிடம் ஆகும், குறுக்குவழி கிடையாது. கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு அப்பி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே உலர்த்திச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட முடியும். பழைய பிளேயர்களின் ரப்பர் பெல்ட்டோ பிசினாக உருகிவிடுகிறது.

தேவைப்படுபவை: அமிலமற்ற அட்டைப் பெட்டிகள் 20, பழுதுபார்த்த கேசட் டெக் 2, ஸ்கேனர் ஒன்று, ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று, 2 டி.பி. ஹார்டு டிஸ்க் 3. ஒலியும் பக்கங்களும் சேர்ந்து ஒரு டி.பி.யைச் சற்றுத் தாண்டும். மூன்று பிரதிகளில் ஒன்று வேறு ஊரில் இருக்கும்.

கடிதம் எழுதியவர்களில் பலர் இன்றும் வீட்டில் சொல்லாதவர்கள். அவர்களுடைய பெயரோ முகவரியோ அவர்கள் சம்மதமின்றி யார் பார்வைக்கும் போகாது. மூலப்பிரதி பூட்டியிருக்கும், பெயர் மறைத்த பிரதிதான் ஆய்வாளர்களுக்கு. இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை.

நன்கொடையாளர் பெயரையும் நாங்கள் வெளியிடுவதில்லை. வரிச்சலுகைக்கான ரசீது வேண்டுவோர் மட்டும் பான் எண் தர வேண்டும். அந்த விவரம் வருமான வரித் துறைக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிவிலக்கு கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடை பெறத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களுக்கு இல்லாததால் வெளிநாட்டுக் குடிமக்களிடம் வாங்க இயலாது.

பணம் அல்லாமல் பழைய இதழோ படமோ தர விரும்புவோர் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். கிழிந்தது கிழிந்தபடியே ஒரு காகித உறையில் வைத்துக் கொடுங்கள், பின்பக்கக் குறிப்புகளோடு.