வராத பெட்டியை வருகிறது என்று சொன்னது குறித்துப் புகார்

14 ஜூலை 2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
விமான நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஜூன் 24 அன்று லண்டனில் வந்து சேராத பெட்டி, அதைப் பற்றித் தொடர்ந்து தரப்பட்ட தவறான தகவல்கள், இழப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பெட்டி ஜூலை 4 அன்று ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் புகாரை முடித்துவைப்பதாக ஜூலை 10 அன்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் ஒன்றையும் இணைத்திருக்கிறீர்கள். கூப்பனை நான் பயன்படுத்தப் போவதில்லை, புகாரும் முடியவில்லை. பெட்டிகள் தவறுவது உண்டு, அதைப் பொறுத்துக்கொள்வோம். எங்கே இருக்கிறது என்றே தெரியாத பெட்டியை "வந்துகொண்டிருக்கிறது" என்று ஐந்து நாட்கள் சொன்னீர்களே, அதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நானும் என் மனைவியும் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், பில்டன் கிராமத்தின் வொர்த்தி பண்ணையில் நடக்கும் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குப் போனோம். புகைப்படத்துடன் முன்கூட்டியே பெயரைப் பதிந்தவர்கள் மட்டுமே அதற்கு டிக்கெட் வாங்க முடியும். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் நுழைய முடியாது. இந்த ஆண்டுக்கான பொது விற்பனை கடந்த நவம்பர் 17 அன்று தொடங்கி சுமார் 35 நிமிடங்களில் முடிந்துவிட்டது. இரண்டு கணினிகளின் முன் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒரு டிக்கெட் 378.50 பவுண்டு என்ற கணக்கில் இரண்டு வாங்கினோம். கனடியப் பாடகர் நீல் யங் பாட வருகிறார் என்பது ஜனவரியில் உறுதியானது. கல்லூரி நாட்களிலிருந்து அவருடைய பாடல்களைக் கேட்டு வருபவர் என் மனைவி. சனிக்கிழமை இரவு அவரை நேரில் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் உயிர்.

எங்கள் கூடாரம், உறங்கு பைகள், ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டுகள் எல்லாம் அந்த ஒரே பெட்டியில் இருந்தன. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவி வெறும் தரையில் படுக்கக் கூடாது என்பதற்காக வாங்கிய மடிப்பு மெத்தையும் அதில்தான் இருந்தது.

ஜூன் 24 காலை லண்டனில் இறங்கினோம். பெல்ட் நிற்கும் வரை காத்திருந்தும் பெட்டி வரவில்லை. உங்கள் கவுன்டரில் புகார்ப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது என் மனைவி தெளிவாகவே கேட்டார்: "நாளை காலை நாங்கள் விழாவுக்குக் கிளம்புகிறோம். இப்போதே கடைக்குப் போய் வேறு கூடாரம் வாங்கிக்கொள்ளட்டுமா?" உங்கள் ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் அம்மா, வீண் செலவு. இன்றிரவு விமானத்தில் வருகிறது, நாளை உங்கள் இடத்துக்கே கொண்டுவந்து தருவோம்" என்றார். விநியோக முகவரி என்ற கட்டத்தில் பண்ணையின் பெயரை அவரே எழுதினார். இரண்டு லட்சம் பேர் தங்கும் வயல்வெளி அது, கூடாரங்களுக்குக் கதவு எண் கிடையாது என்று சொன்னேன். கூரியர்காரர் தொலைபேசியில் அழைப்பார் என்று பதில் வந்தது. அந்த ஊழியர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால், அன்று மாலைக்குள் லண்டனிலேயே எல்லாவற்றையும் வாங்கியிருப்போம். எங்களிடம் ஒரு முழு நாள் இருந்தது.

புதன்கிழமை ரயிலில் காசில் கேரி நிலையத்தில் இறங்கி, விழாவின் பஸ்ஸில் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டார்கள். எங்களைச் சுற்றி எல்லோரும் முளை அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு கைப்பைகளோடு நின்றோம். பக்கத்துக் கூடாரத்து இளைஞர்கள் தங்கள் பொருட்களை ஒதுக்கி முன்பகுதியில் இடம் கொடுத்தார்கள். அங்கே என் மனைவி இரண்டு இரவுகள் என் கோட்டை முதுகுக்கு அடியில் மடித்து வைத்துப் படுத்தார். வியாழன் மதியம் உங்கள் உதவி எண், பெட்டி கூரியர் வண்டியில் ஏறிவிட்டது என்றது. அதை நம்பி அன்றும் எதுவும் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவரால் குனிய முடியாமல் போன பிறகுதான், அங்கிருந்த கடையில் ஒரு கூடாரமும் இரண்டு பாய்களும் வாங்கினேன்.

சனிக்கிழமை பகல் உங்கள் உதவி எண்ணே எங்களை அழைத்தது. பெட்டி பிரிஸ்டலில் கூரியர் கிடங்கில் இருக்கிறது, நேரில் வந்தால் உடனே பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். மெத்தை கிடைத்தால் மீதி இரண்டு இரவுகளாவது அவர் தூங்குவார் என்று, திரும்பி நுழைவதற்கான சீட்டைப் பெற்றுக்கொண்டு டாக்சியில் கிளம்பினோம். கிடங்கில் பெட்டி இல்லை. வண்டி ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் என்றார்கள். அங்கிருந்து உங்களை அழைத்தபோது "காத்திருங்கள்" என்றீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வெறுங்கையோடு டாக்சி தேடினோம். வாயிலைக் கடந்து உள்ளே நடந்தபோது, விழாவின் முதன்மை மேடையான பிரமிட் மேடைப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி ஒரு பெண்ணிடம், "முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். அந்தப் பெண் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு மதியம் எண்பது வயது ராட் ஸ்டீவர்ட் பாடியதைக் கேட்டோம், மகிழ்ந்தோம். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சனிக்கிழமைக்கு அது ஈடாகாது. அடுத்த ஆண்டு போய்க்கொள்ளுங்கள் என்றும் எங்களிடம் யாரும் சொல்ல முடியாது. நிலத்துக்கு ஓய்வு தருவதற்காக 2026-இல் அந்த விழா நடக்காது.

ஊர் திரும்பியதும் பெட்டியின் தேடல் பதிவை உங்களிடமிருந்தே கேட்டு வாங்கிப் படித்தேன். விமானம் மாறிய இடத்தில் இறக்கப்பட்ட பெட்டி, ஜூன் 30 வரை அங்கிருந்து நகரவே இல்லை என்று அதில் இருக்கிறது. அப்படியானால் வியாழக்கிழமை கூரியர் வண்டியில் ஏறியது எது? சனிக்கிழமை பிரிஸ்டலில் இருந்தது எது? பெட்டியை வாங்கும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், விமானம் மாற்றும்போதும், திருப்பித் தரும்போதும் பதிவு செய்ய வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 753-ஆம் தீர்மானம் 2018 ஜூன் முதல் சொல்கிறது. நீங்களும் அதன் உறுப்பினர்தான். பதிவு இருந்திருக்கிறது, பார்த்துச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

சர்வதேச விமானப் பயணங்களில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவின்படி பெட்டித் தாமதத்தால் வரும் இழப்புக்கு விமான நிறுவனமே பொறுப்பு. தவிர்க்கத் தேவையான நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாக நீங்கள் நிரூபித்தால் மட்டுமே விலக்கு உண்டு. பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கூடாரமும் பாய்களும் 140 பவுண்டு, பூட்ஸும் உடைகளும் 95, டாக்சி 180, ஆக 415 பவுண்டு. ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற வரம்புக்கு இது வெகு கீழே. ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

இந்தத் தொகையை 30 நாட்களுக்குள் அனுப்புங்கள். ஜூன் 26, 28 ஆகிய நாட்களில் எங்களிடம் சொல்லப்பட்ட தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். என் மனைவியின் பெயருக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதமும் வேண்டும். அவர் கேட்ட கேள்விக்குத்தான் தவறான பதில் சொன்னீர்கள். வழக்குத் தொடர ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள் அவகாசம் தருகிறது. உரிய பதில் வராவிட்டால் தொடர்வேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணி

இணைப்பு: பயணச் சீட்டுகள், பெட்டிச் சீட்டு, புகார்ப் படிவ நகல், தேடல் பதிவு, ரசீதுகள், உங்கள் கூப்பன்.