அப்பாவுக்கு, பிரான்ஸ் கிரெனோபிள்ல இருந்து

அப்பா, உங்க லெட்டர் கெடச்சுதுங்க. அம்மா சொன்ன சேதியெல்லாம் ஓரத்துல பொடி எழுத்துல எழுதியிருந்தீங்களே, அதத்தான் மொதல்ல படிச்சேன். அங்க அப்படி என்னதான் வேலைனு கேட்டிருக்கீங்க, உங்களுக்கு வெவரமா சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை.

இங்க 844 மீட்டர் சுத்தளவுல ஒரு வளையம், அதுக்குள்ள எலக்ட்ரான் சுத்திக்கிட்டே இருக்கும், அதுல வர்ற எக்ஸ்ரேய தண்ணில கரைஞ்ச புரோட்டீன் மேல விட்டா கொஞ்சூண்டு சிதறும், அந்த சிதறல வெச்சு அதோட சைஸ், உருவம் எல்லாம் கணக்குப் போடுவாங்க. அந்தக் கரைசல புடிச்சு வெக்கற ஹோல்டர டிசைன் பண்றதுதான் என் வேலை. 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் குழாய், சுவர் வெறும் 10 மைக்ரான், கைல எடுத்தாலே ஒடையும். காத்து பட்டாக்கூட கதிர் சிதறும்னு வேக்குவத்துல வெக்கறோம், அதனால காத்து கசியாம அடைக்கற ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங் உக்கார்ற பள்ளம் சுத்தமா இருக்கணும். சுத்தி செம்பு பிளாக், சூடு ஒரே சீரா நிக்கறதுக்கு. கதிர் உள்ள வர்ற பக்கம் சின்ன ஓட்டை, வெளிய போற பக்கம் டேப்பரா விரியணும், இல்லேன்னா சிதறின கதிர் செம்புல இடிச்சு அங்கயே நின்னுரும். ஓரத்துல பிசிறு இருந்தா அதுவே தனியா சிதறும். புரோட்டீன் கலக்காத வெறும் கரைசலயும் (பஃபர்னு சொல்வாங்க) புரோட்டீன் கலந்த கரைசலயும் அதே குழாய்லயே அளந்து ஒண்ணுல ஒண்ண கழிக்கணும், குழாய் மாறினா கணக்கே போச்சு. ஒரே எடத்துல கதிர் பட்டுட்டே இருந்தா புரோட்டீன் கெட்டுப்போய் கட்டிகட்டியாயிரும்னு அளக்கறப்ப கரைசல ஓடவிட்டுட்டே இருப்போம்.

பிசிறெடுக்க நீங்க சொல்லிக்குடுத்ததுதான்ப்பா இங்கயும். போன வாரம் மெஷின் ஷாப்ல செம்பு கடையறப்ப அந்த ஆயில் வாசனை வந்துச்சு, உங்க காக்கி சட்டை வாசனை அப்படியே. கொஞ்ச நேரம் வெளிய போய் நின்னுட்டு வந்தேன்.

குளிர் பரவால்லீங்க, சமையக்கட்டு ஜன்னல்ல பெல்தோன் மலை முழுக்க பனி தெரியும். எதுத்த வீட்டுப் பாட்டி ஒருத்தங்க, யாருகிட்டயும் பேசமாட்டாங்க, ஆனா என் கதவுல வால்நட் பையை மாட்டிட்டுப் போயிருவாங்க. ரசம் குடுத்தேன், காபி கப்புல ஊத்தி நின்னுக்கிட்டே குடிச்சாங்க. ஞாயித்துக்கிழமைல அவங்க வீட்டு ரேடியோ சத்தம் கேக்கும், எனக்கும் நல்லாத்தான் பொழுது போகுது. அரிசி இருக்கு, பருப்பும் இருக்கு. இந்த மாசம் பணம் மட்டும் கொஞ்சம் கம்மியா வரும், ஹீட்டர் செலவு, வேற ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.

கவிதா கல்யாணத்துக்கு பெரிய லேத்த வித்துரலாம்னு எழுதியிருக்கீங்க. வேண்டாம்ப்பா. மண்டப அட்வான்ஸ பெரியப்பாகிட்ட வாங்கிக் குடுங்க, நானே அவருகிட்ட பேசறேன், சித்திரைக்குள்ள தீத்துரலாம். முருகேசன் மாமா தர வேண்டிய ஜாப் காசையும் விடாம கேளுங்க, சொந்தம்னு சும்மா இருந்துராதீங்க. மாப்ளை வீட்டுல நாள் கேட்டா வைகாசினே சொல்லுங்க, அப்பத்தான் எனக்கு லீவு போட முடியும்.